சுட்டுவிரலுக்குப் பூச்சு இல்லை

போன மாதம் சித்தி மகள் கல்யாணத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி, பாதியிலயே பாலிஷ் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். எட்டு விரல்களில் பளீரென்று ஆரஞ்சு. இரண்டு சுட்டுவிரல்களிலும் வெறும் நகம். தீரவில்லை பெரியம்மா, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், டைவிங் போகிறவளுக்கு ரெண்டு நகமாவது திறந்திருக்க வேண்டும் என்றேன். "கடலுக்குள்ள போறவளுக்கு மத்த எட்டு மட்டும் எதுக்கு?" என்று உடனே அடுத்த கேள்வி. நாதஸ்வரச் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங்கை நான் கற்றுக்கொண்டது 2017இல், புதுச்சேரியில். அப்போது சென்னையில் வேலை. வெள்ளிக்கிழமை இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தால் சனிக்கிழமை விடியும்போது படகில் இருக்கலாம். முதல் நாள் பயிற்சிக்கு நான் குங்குமச் சிவப்பில் பத்து விரலுக்கும் பாலிஷ் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அலுவலகத்தில் யாரோ, "டைவர்னா இதெல்லாம் கூடாதுல்ல?" என்று கேட்டு அனுப்பியிருந்ததால் கையைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டே நின்றேன். பயிற்சி கொடுத்த அக்கா பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி எல்லோர் கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். என்னிடம் வந்ததும், "நீளத்தை வெட்டிட்டு வா. கலர் உன் இஷ்டம்" என்றார். ஏன் நீளம் கூடாது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

டைவுக்குப் போகும்போது உடம்போடு ஒட்டிப் போடும் வெட்சூட் உடை, நியோப்ரீன் என்ற ரப்பர். உள்ளுக்குள் கோடிக்கணக்கான சின்னச் சின்ன வாயுக் குமிழிகள் இருக்கும். அவைதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்திருப்பவை. மேலே ஒட்டியிருக்கும் துணி மெல்லியது. முழங்காலுக்கு மேல் ஏற்றும்போது அவசரத்தில் விரல் நுனியால் கொத்தாகப் பிடித்து இழுத்தால் நகம் துணியைத் தாண்டி ரப்பருக்குள் இறங்கிவிடும். பிறைநிலா வடிவத்தில் ஒரு வெட்டு விழும். அன்று எனக்குக் கொடுத்த சூட்டின் தொடையில் அப்படிப்பட்ட பிறைகள் ஏழெட்டு இருந்தன. எனக்கு முன்னால் போட்டவர்களின் நகங்கள் விட்டுச்சென்ற கணக்கு. விரலை மடக்கி, உள்ளங்கையாலும் விரல் சதையாலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டே வர வேண்டும். சேலைக் கொசுவத்தைச் செருகும் அதே பொறுமை இதற்கும் வேண்டும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். பெரியம்மாவின் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

அந்த முதல் கடல் டைவ் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி, கரை மெல்லிய கோடாகத் தெரிகிற தூரத்தில். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கயிற்றைச் சுற்றியிருந்த என் விரல்கள் முகத்துக்கு நேரே இருந்ததால் எனக்குப் பார்க்கக் கிடைத்ததே என் நகங்கள்தான். படகில் குங்குமமாக இருந்தது இரண்டு மூன்று மீட்டரில் செங்கல் நிறத்துக்கு மங்கியது. ஐந்து மீட்டரில் காய்ந்த புளி நிறம். பத்து மீட்டரைத் தாண்டியதும் எல்லா நகமும் கருப்பு. யாரோ என் விரல்களில் வண்டி மையைத் தடவிவிட்டது போல இருந்தது. காது வலிக்கிறதா என்று அக்கா சைகையில் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் நகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த டார்ச்சை என் விரல்மேல் அடித்தார். அந்த வட்டத்துக்குள் மட்டும் சிவப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அணைத்தார், போய்விட்டது. மறுபடி அடித்தார், வந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த விஷயத்தை என் கையிலேயே பார்த்தேன்: தண்ணீர் வெள்ளை ஒளியில் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். நீலமும் பச்சையும்தான் ஆழம் வரை போகும். சிவப்பு ஒளியே வந்து சேராத இடத்தில் சிவப்புப் பூச்சுக்குத் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை. அதனால் கருப்பு. அதே காரணத்தால் ஆழத்தில் கை கீறினால் ரத்தம் கரும்பச்சையாகத் தெரியும். முதல் முறை பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள்.

மேலே வந்ததும் கேட்டேன், அப்படியானால் எந்த நிறம் கீழேயும் தெரியும் என்று. "ரோட்டுல வேலை செய்றவங்க போட்டிருக்கற ஜாக்கெட் கலர்" என்றார். அடுத்த வாரம் தி.நகரில் தேடி ஒரு நியான் ஆரஞ்சு பாட்டில் வாங்கினேன். வெயிலில் பார்த்தால் கண் கூசும், அலுவலகத்துக்கு ஆகாது, அம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் 18 மீட்டர் ஆழத்தில், எல்லாமே நீலச்சாம்பலாகிப்போன இடத்தில், என் நகங்கள் மட்டும் அடுப்புக் கங்கு போல ஒளிர்ந்தன. அதிலிருக்கும் ஒளிரும் நிறமி, கீழே மிச்சமிருக்கும் நீலப்பச்சை ஒளியை வாங்கி அதை ஆரஞ்சாக மாற்றித் திருப்பி விடுகிறது. சாதாரண ஆரஞ்சுப் பூச்சால் அது முடியாது. ஏற்கெனவே இருக்கும் ஆரஞ்சு ஒளியைத்தான் அது திருப்ப முடியும், அங்கே அது இல்லை.

இது அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீருக்கடியில் பேச்சு முழுக்கக் கையால்தான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம் என்றால் 'சரியாக இருக்கிறேன்'. கட்டைவிரல் மேலே என்றால் 'மேலே போகலாம்'. புதுச்சேரிக் கடலில் ஒரு நாள் இருபது மீட்டர் தூரம் தெரியும், மறுநாள் நீட்டிய கையே மங்கும். அப்படி மங்கிய நாள் ஒன்றில் என்னோடு ஜோடியாக வந்த பெண் பிறகு சொன்னாள்: "அக்கா, உங்க முகமே தெரியல. நகத்தை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்." அன்றிலிருந்து நியான்தான். எனக்கு நெயில் பாலிஷ் பிடிக்கும் என்பது முதல் காரணம், அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கீழே அது உதவவும் செய்கிறது என்பது கூடுதல் சந்தோஷம்.

சரி, கடலில் பாலிஷ் எவ்வளவு நாள் தாங்கும்? சாதாரணப் பூச்சு என்றால் நான்கு டைவ். ஐந்தாவது டைவுக்கு நுனி உரியத் தொடங்கும். உப்புதான் அரிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். உண்மையில் காரணம் நகம்தான். நகம் தோலைவிட எளிதாகத் தண்ணீரை உறிஞ்சும். ஊறினால் உப்பி, மிருதுவாகி, வளையும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அதோடு சேர்ந்து உப்பவும் சுருங்கவும் மறுக்கும். ஒரு நாளில் மூன்று முறை இது நடந்தால் இரண்டுக்கும் நடுவே பிடிப்பு விட்டுவிடும். அப்புறம் சிலிண்டர் வால்வின் சொரசொரப்பான குமிழ், மிதவைச் சட்டையின் வெல்க்ரோ, காலில் மாட்டும் ஃபின் துடுப்பின் பட்டை என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுக்கும். நகத்தின் முன்விளிம்பையும் மடித்துப் பூசினால் ஓரிரண்டு நாள் கூடக் கிடைக்கும். பூசிய அன்றே தண்ணீரில் இறங்கக் கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் அடியில் கரைப்பான் வெளியேறி முழுதாக இறுக ஒரு நாளாவது வேண்டும்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் 2019இல் ஜெல் பாலிஷுக்கு மாறினேன். விளக்குக்கு அடியில் கையை நீட்டினால் புற ஊதா ஒளியில் கெட்டியாகிவிடும், இரண்டு மூன்று வாரம் அசையாது. டைவர்களுக்கென்றே செய்தது போலத் தோன்றும். அதில் ஒரு ஆபத்து இருப்பதை நான் மெதுவாகத்தான் கற்றேன். ஜெல் உரியாது, ஒரு மூலையில் மட்டும் மெல்லத் தூக்கும். முடியிழை நுழையும் அளவு இடைவெளி, கண்ணுக்கே தெரியாது. அதற்குள் தண்ணீர் போய்த் தங்கிவிடும், காயாது. மேலே நிறம் மூடியிருப்பதால் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஒரு பயணம் முடிந்து ஜெல்லை எடுத்தபோது வலது மோதிர விரலின் ஓரத்தில் பாசி பிடித்தது போல ஒரு பச்சைத் திட்டு. தேய்த்தால் போகவில்லை. வலியும் இல்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஈரத்தில் வளரும்போது வெளியிடும் நிறம் அது என்று தோல் மருத்துவர் சொன்னார். பூச்சே போடாமல், கையை உலர்வாக வைத்து, அவர் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டு, அந்தப் பச்சை நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வந்து வெட்டுப்படும் வரை காத்திருந்தேன். விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளரும். நான்கு மாதம் ஆனது.

ஆனால் சுட்டுவிரல்களை வெறுமையாக விட ஆரம்பித்தது அதனால் அல்ல. அது அந்தமானில் நடந்தது.

2022 பிப்ரவரி, ஹேவ்லாக் தீவு. இப்போது பெயர் சுவராஜ் தீவு. ஒரே நாளில் மூன்று டைவ். காலையில் டிக்ஸன்ஸ் பினக்கிள், 30 மீட்டர் வரை இறங்கும் பாறைக் கோபுரங்கள். மூன்றாவது டைவ் முடிந்து படகில் ஏறி அரை மணி நேரத்தில் இடது தோள்பட்டையில் ஒரு வலி ஆரம்பித்தது. கூடவே விரல் நுனிகளில் குறுகுறுப்பு, எறும்பு ஊர்கிற மாதிரி. டைவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரே பயம்தான்: ஆழத்தில் அழுத்தத்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாகியிருக்கலாம். படகில் இருந்தவர்கள் நேரத்தை வீணாக்கவில்லை. படுக்க வைத்து ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டார்கள். ஒருவர் என் சுட்டுவிரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டினார்.

என் நகங்களில் அப்போது கருநீல ஜெல். நியான் ஜெல் கிடைக்காததால் புதுவருஷத்துக்குப் போட்டது.

கருவி 84 என்று காட்டியது. பிறகு 79. பிறகு இரண்டு கோடுகள். ஒரு வருடம் முன்னால்தான் கொரோனா இரண்டாம் அலையில் வீட்டுக்கு வீடு அந்தக் கருவியை வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். எண்பதுக்குக் கீழ் என்றால் என்ன என்று எங்கள் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். மாமாவை அப்படித்தான் இழந்தோம். ஆக்சிஜன் முகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்பதுக்குக் கீழ் என்றதும் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பயத்தில்தான், ஆனால் படகில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் முகங்களும் மாறின. ஒருவர் என் உதட்டைப் பார்க்கிறார், இன்னொருவர் நகத்தைப் பார்க்கிறார். நகம் கருநீலம். ஆக்சிஜன் குறைந்தால் நகத்தடி நீலமாகும் என்பது முதலுதவிப் பாடத்தில் முதல் பக்கம். பார்க்க வேண்டிய இடத்தை நானே நீலத்தால் மூடி வைத்திருந்தேன்.

குழுத் தலைவர், மலையாளி சேட்டன் ஒருவர், அமைதியாக என் கையை வாங்கினார். நகத்தை அழுத்திப் பார்க்க முயன்றார். ஜெல்லுக்கு மேல் அழுத்தி என்ன தெரியும். கை ஐஸ் மாதிரி இருந்தது. துண்டில் சுற்றிச் சூடாகத் தேய்த்தார். பிறகு கருவியைத் திருப்பி, ஒளி நகத்தின் வழியே போகாமல் விரலின் இரு பக்கச் சதை வழியே போகும்படி பக்கவாட்டில் மாட்டினார். பத்து விநாடி கழித்து 98. கொஞ்ச நேரத்தில் 99. படகு முழுக்க ஒரு மூச்சு விட்டது.

அந்தப் பத்து விநாடிக்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்னென்ன நடந்தது என்று பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன். கரைக்கு அவசரச் செய்தி போயிருந்தது. ஒருவர் என் வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். என் வலியைப் பற்றி, எப்போது ஆரம்பித்தது, கால் மரத்திருக்கிறதா என்று கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்கவில்லை. எல்லோர் கவனமும் அந்தப் பொய் எண்ணில் போயிருந்தது.

அந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளி: கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, 660 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் ஒன்றைக் கூடுதலாக உறிஞ்சும், ஏறாத ரத்தம் மற்றதை. மறுபக்கம் வந்து சேரும் இரண்டின் விகிதத்திலிருந்து எண் கணக்கிடப்படுகிறது. நடுவில் சிவப்பை விழுங்கும் ஒரு பூச்சு இருந்தால் விகிதம் கெடும். இந்த யோசனையை 1974இல் முன்வைத்தவர் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி. உலகமே அவர் கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த நாளை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: எல்லாப் பாலிஷும் எண்ணைக் கெடுக்காது. இப்போதைய கருவிகளில் பெரும்பாலான நிறங்களுக்கு வித்தியாசம் ஓரிரு சதவீதம்தான் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கருப்பு, கருநீலம், பச்சை போன்ற அடர் நிறங்கள்தான் அதிகம் படுத்தும். அன்று என் கை குளிர்ந்து ரத்த ஓட்டம் சுருங்கியிருந்ததும் பாதிக் காரணம். ஆனால் படகில் ஒருவர் படுத்திருக்கும்போது இதில் பாதி எது, அதில் பாதி எது என்று யாரும் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 98 என்று வந்ததால் நைட்ரஜன் குமிழி இல்லை என்று அர்த்தம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் முழுதாக இருந்தும் குமிழிகள் மூட்டிலும் நரம்பிலும் இருக்கலாம். ஆக்சிஜன் கொடுப்பதே பெரும்பாலும் அந்த நைட்ரஜனைக் கழுவி வெளியேற்றத்தான். அதனால் எண் நன்றாக இருக்கிறது என்று மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. சேட்டன் கழற்றவிடவில்லை.

கரையில் மருத்துவர் பார்த்தார். கையைத் தூக்கச் சொல்லி, அழுத்தி, நடக்க விட்டு, கண்ணை மூடி நிற்கச் சொல்லி, ஒரு மணி நேரம் சோதித்தார். கடைசியில், சிலிண்டரை ஒரே தோளில் தூக்கியதில் தசை பிடித்திருக்கிறது, குறுகுறுப்பு அதனால்தான் என்றார். இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். ஆனால் அதற்கு முன் அவர் ஒன்று சொன்னார்: "இது குமிழியாக இருந்திருந்தால் உங்களைப் போர்ட் பிளேருக்கு அனுப்பியிருப்போம். இந்த நகத்தோடு உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்."

போர்ட் பிளேரில் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜய புரம்) கடற்படை மருத்துவமனையில், குமிழி வந்த டைவர்களுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கிறது. ஹேவ்லாக்கிலிருந்து படகில் இரண்டு மணி நேரம். அந்த அறைக்குள் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், கிட்டத்தட்ட 2.8 வளிமண்டலத்தில், சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். வழக்கமான முதல் சிகிச்சை ஐந்து மணி நேரத்துக்குப் பக்கமாக நீளும். அவ்வளவு ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சின்னப் பொறி போதும். அதனால் பருத்தித் துணி மட்டும். எண்ணெய், வாசனைத் திரவியம், ஹேர் ஸ்ப்ரே, முகப்பூச்சு எதுவும் கூடாது. புதிதாகப் போட்ட நெயில் பாலிஷ் இந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கும். பூசி ஒரு நாளுக்கு மேல் ஆகி நன்றாக இறுகியிருந்தால் சில இடங்களில் அனுமதிப்பார்கள், சில இடங்களில் எதுவாக இருந்தாலும் எடுக்கச் சொல்வார்கள்.

ஏன் என்பது பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் புரியும். சாதாரண நெயில் பாலிஷின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் மாற்றிச் செய்யும் பொருள். கூடுதலாக நைட்ரஜன் ஏற்றினால் அதுவே துப்பாக்கிகளுக்கான வெடிபஞ்சு. பழைய சினிமாச் சுருள்கள் தீப்பிடித்து எரிந்ததும் இதனால்தான். 1920களில் கார்களுக்கு விரைவில் காயும் பெயிண்ட்டாக இது வந்தது, அதே பெயிண்ட் தொழில்நுட்பம்தான் நகத்துக்கும் வந்தது. ரெவ்லான் 1932இல் தொடங்கியதே நெயில் பாலிஷில்தான். நம் அம்மாக்களின் அலமாரியில் இருந்த லாக்மே பாட்டிலிலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்தான். எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்ற கரைப்பான்களில் கரைத்திருப்பார்கள். பூசும்போது வரும் அந்த வாழைப்பழ எஸென்ஸ் வாசனை அவற்றுடையதுதான். ஆக்சிஜன் நிறைந்த அறைக்குள் எரியக்கூடிய அந்த ஆவி வர வேண்டாம் என்கிறார்கள்.

அன்று மருத்துவமனையில் என் ஜெல்லை எடுக்கப் பார்த்தார்கள். சாதாரணப் பாலிஷாக இருந்தால் அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒரே இழுப்பு. ஜெல் கரையாது. பத்துப் பதினைந்து நிமிடம் அசிட்டோனில் ஊறினால் உப்பித் தளரும், பிறகு மெல்லச் சுரண்ட வேண்டும். தீவில் அந்த நேரத்தில் அசிட்டோனுக்கு எங்கே போவது? ஒரு செவிலியர் அக்கா எங்கிருந்தோ ஒரு நக அரத்தைக் கொண்டுவந்து, என் சுட்டுவிரலை மடியில் வைத்துக்கொண்டு, ராவ ஆரம்பித்தார். கருநீலத் தூள் அவர் வெள்ளை உடையில் உதிர்ந்தது. இருபது நிமிடத்தில் ஒரு விரலின் நடுவில் ஒரு கடுகளவு, பிறகு மிளகளவு, பிறகு சுண்டைக்காயளவு வெளிறிய நகம் தெரிந்தது. அதை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து விட்டார். வெள்ளையாகிப்போன இடத்தில் ரோஸ் நிறம் திரும்பி ஊறி வந்தது. இரண்டு விநாடிக்குள். "நல்லா இருக்கும்மா" என்றார். தமிழில்தான் சொன்னார், அந்தமானில் நம் ஆட்கள் நிறைய உண்டு. அந்த ஒரு சொல்லும் அந்த ரோஸ் நிறமும் 98 என்ற எண் தராத தைரியத்தை எனக்குத் தந்தன.

அதற்குப் பிறகு எந்தக் கடலுக்குப் போனாலும் இரண்டு சுட்டுவிரல்களும் வெறும் நகம். ஏன் சுட்டுவிரல் என்றால், பதற்றத்தில் கருவியைக் கையில் எடுக்கிற எவரும் முதலில் நீட்டச் சொல்வது அதைத்தான். ஏன் இரண்டு என்றால், ஒரு கையில் அடிபட்டிருந்தால் இன்னொன்று வேண்டும். கால் நகங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளவில்லை. ரப்பர் காலணிக்குள் அவை எட்டு வாரம்கூட அழகாக இருக்கும்.

அகற்றுவது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் நான் ஒரு நண்பனுக்குப் பெரிய நஷ்டம் செய்துவிட்டேன். டைவ் விடுதியின் பொது மேஜையில் உட்கார்ந்து பாலிஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரில் அவன் தண்ணீருக்கடியில் படமெடுக்கும் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ஒரு நிமிஷம் இதைப் பிடி" என்று லென்ஸுக்கு முன்னால் மாட்டும் குவிமாடத்தை நீட்டினான். வாங்கினேன். என் கட்டைவிரல் பட்ட இடத்தில் ஒரு பால் திரை விழுந்தது. துடைக்கத் துடைக்க அது பெரிதானது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போல நுண்ணிய விரிசல்கள். அந்தக் குவிமாடம் அக்ரிலிக். அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைக்கும், பாலிகார்பனேட்டை விரிசல் விட வைக்கும். 'அசிட்டோன் இல்லாதது' என்று எழுதி விற்கும் ரிமூவரிலும் எத்தில் அசிட்டேட் இருக்கும். அதுவும் அக்ரிலிக்கை விடாது. மாஸ்க்கின் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் சட்டமும் டைவ் கம்ப்யூட்டரின் முகப்பும் பிளாஸ்டிக். வெட்சூட்டின் தையலை ஒட்டியிருக்கும் பசையும் இளகும். புதிய குவிமாடத்துக்கான பணத்தை மூன்று தவணையில் கொடுத்தேன். அவன் வேண்டாம் என்றான், நான் விடவில்லை. அந்தப் பயணத்தின் மிச்ச மூன்று நாளும் அவனால் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. அதைப் பணத்தால் சரிசெய்ய முடியாது.

படகில் ரிமூவர் பாட்டிலைத் திறக்கவே கூடாது. அசிட்டோன் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பக்கத்தில் என்ஜின், எரிபொருள், ஆக்சிஜன் சிலிண்டர். கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டு மொட்டைமாடியில் வைத்து எடுத்துவிடுவதே என் வழக்கம். சின்னப் பஞ்சு, நகத்தின்மேல் பத்து விநாடி அழுத்தி வைத்துவிட்டு நுனியை நோக்கி ஒரே இழுப்பு. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, நகத்துக்குத் தேங்காய் எண்ணெய். அசிட்டோன் நகத்தின் பசையை எல்லாம் எடுத்துவிடும், அப்படியே ஊறவிட்டால் அடுக்கடுக்காகப் பிரியும். காலையில் எண்ணெய்ப் பசை போகக் கழுவிவிட்டுத்தான் ஆக்சிஜன் கருவி இருக்கும் படகில் ஏறுவேன்.

இன்னொரு பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். டைவுக்கும் டைவுக்கும் நடுவே படகு ஓரத்தில் கால் தொங்கப்போட்டுக்கொண்டு, உரிந்த பாலிஷை நகத்தால் பிய்த்துக் கடலில் போடுவது. அந்தச் செதிள் பிளாஸ்டிக்தான். மினுமினுப்புப் பூச்சு என்றால் அதிலிருக்கும் ஒவ்வொரு மினுக்கும் பெரும்பாலும் பாலியெஸ்டர் துண்டு. ஐரோப்பிய ஒன்றியம் உதிரியான பிளாஸ்டிக் மினுக்கு விற்பனையை 2023 அக்டோபரில் தடை செய்ததே இப்படிப்பட்ட துகள்கள் கடலில் சேர்வதால்தான். ஐந்து நிமிடம் முன்னால் அடியில் மீனைப் பார்த்துக் கண் கலங்கியவர்களே இதைச் செய்யும்போது எனக்கு மனது கேட்காது. என் பையில் ஒரு பழைய மாத்திரை டப்பா இருக்கும். உரிந்தால் அதில் போடச் சொல்லி நீட்டுவேன். யாரும் இதுவரை மறுத்ததில்லை.

பாட்டி இருந்திருந்தால் இத்தனைக்கும் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லியிருப்பார்: மருதாணி. அவர் கையில் பாலிஷ் பார்த்ததே இல்லை. கொல்லையில் பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பி போட்டுவிடுவார். இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறமி நகத்தின் புரதத்தோடேயே பிணைந்துவிடுகிறது. மேலே படலம் இல்லை, உரிய ஒன்றும் இல்லை, தண்ணீர் புகுந்து தங்க இடமும் இல்லை. அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது. போன வருடம் ஒரு பயணம் முழுக்க எட்டு விரலுக்கு மருதாணியோடு போனேன். கடையில் விற்கும் கருப்பு மருதாணி அல்ல, அதில் கலக்கும் ரசாயனத்தால் தோல் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து டைவ் கழித்தும் முதல் நாள் இருந்த அதே நிறம். ஆனால் கீழே இறங்கியதும் கருப்பு. ஒளிரும் கங்கு இல்லை. எனக்கு அந்தக் கங்கு வேண்டியிருக்கிறது, பாட்டி.

அந்த மருதாணி இன்னும் என் கையில் இருக்கிறது. கீழிருந்து புது நகம் வளர வளர அது மேலே ஏறிக்கொண்டே போய், இப்போது நுனியில் ஒரு செம்பிறையாக நிற்கிறது. அதன் மேலேயே நியான் ஆரஞ்சைப் பூசியிருக்கிறேன்.

நாளை மறுநாள் புதுச்சேரி. முதல் கடல் டைவுக்கு வருகிற ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நான் ஜோடி. நேற்று வாட்ஸ்அப்பில் கை படம் அனுப்பிக் கேட்டிருந்தாள்: "அக்கா, இதை அழிச்சிட்டு வரணுமா?" பத்து விரலிலும் குங்குமச் சிவப்பு. நீளம் சரியாகத்தான் இருக்கிறது. சுட்டுவிரல் ரெண்டை மட்டும் அழித்துவிட்டு வா, மத்ததை அப்படியே விடு, பத்து மீட்டரில் உனக்கு ஒன்று காட்டுகிறேன் என்று பதில் போட்டேன். டார்ச்சுக்கு இப்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.